ஒரு பிடிக்கு இரண்டு வாரம்

நம் வகுப்பில் ஒரு பிடியை இரண்டு வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். மூன்றாவது வாரம்தான் அடுத்ததைத் தொடுவோம். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டாவது திங்கட்கிழமை வந்ததும் முகம் சுளிக்கிறீர்கள். "போன வாரமும் இதானே மாஸ்டர்?" என்று கேட்கிறீர்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் இந்த இரண்டு வாரக் கணக்கை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. ஒரு பெரிய தப்பைச் செய்து, வகுப்பே இல்லாமல் போகும் நிலைக்கு வந்து, அதற்குப் பிறகு கிடைத்த கணக்கு அது. என் பெண்ணுக்கு இந்தக் கதை தெரியும், அவளும் அதில் இருந்தாள். உங்களுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜியு-ஜிட்சு என்றால் அடிப்பதும் உதைப்பதும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆளைத் தரையில் சாய்த்து, பிடித்து, அசையவிடாமல் செய்வது. இதில் இரண்டு பாதி உண்டு. மேலே இருப்பவன் கீழே இருப்பவனை அமுக்கி வைப்பது ஒரு பாதி. கீழே இருப்பவன் நழுவி வெளியே வருவது இன்னொரு பாதி. ஒரு பாதி மட்டும் தெரிந்தவனை இந்தப் பாயில் நிற்க வைத்தால் அவன் அரை ஆள்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் தப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது.

நான் கற்றுக்கொண்டது வானகரத்தில். அம்பத்தூர் எஸ்டேட்டில் தொழிற்சாலை வேலை முடித்து, இரண்டு பஸ் மாறி, பைபாஸ் நெரிசலில் நின்று நின்று போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். பல வருடம் அப்படிப் போனேன். ஊதா பெல்ட் வாங்கிய பிறகு மாஸ்டரிடம் கேட்டேன். "அண்ணனூர்ல ஒரு இடம் கெடச்சிருக்கு மாஸ்டர். மாவு மில்லுக்கு மேல ஹால். எங்க பக்கம் ஆளுங்க நெறய பேர் கேக்கறாங்க. அங்க ஒரு கிளாஸ் போடட்டுமா?"

மாஸ்டர் கறுப்பு பெல்ட். சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

"இதோ பாரு. இப்புடித்தான் ரெண்டு பேர் கெளம்பிப் போனாங்க. டான்ஸ் கிளாஸ் மாதிரி ஆக்கிட்டாங்க. காட்டச் சொன்னா சோக்கா காட்டுவான். எவனாவது மேல ஏறி ஒக்காந்தா அழுவான். தரையில விரிக்கிற மேட்டு நான் தரேன். மூணு மாசம். அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழம வருவேன். உன் ஆளுங்கள்ல நாலு பேரை நானே பொறுக்குவேன். ஒவ்வொருத்தரும் என் ஆளுக்குக் கீழ படுத்து ரெண்டு நிமிசத்துக்குள்ள வெளிய வரணும். அப்பறம் என் ஆளை ஒரு நிமிசம் கீழயே அமுக்கி வெக்கணும். ரெண்டையும் செஞ்சாத்தான் பாஸு. நாலுல மூணு பேர் பாஸானா கிளாஸ் உன்னுது. இல்லன்னா மேட்டை வண்டில ஏத்திகினு போயிடுவேன். கத்துக்க ஆசப்படறவன் வானகரத்துக்கு வரட்டும்."

சரி என்றேன்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு வேலைக்கும் ஜாப் கார்டு உண்டு. முதலில் எதைச் செய்வது, அதற்கு எத்தனை நிமிடம், அடுத்து எது என்று கட்டம் போட்டு எழுதியிருக்கும். எனக்குத் தெரிந்த திட்டம் போடும் வழி அது ஒன்றுதான். ஒரு அட்டையில் பன்னிரண்டு வாரத்துக்குக் கட்டம் போட்டேன். முதல் வாரம் மேலே இருந்து அமுக்குவது. இரண்டாம் வாரம் கீழே இருந்து தப்பிப்பது. மூன்றாம் வாரம் மறுபடி மேலே, நான்காம் வாரம் கீழே. ஒவ்வொரு வாரமும் இரண்டு புதுப் பிடி. மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை, திங்கள் முதல் வெள்ளி வரை. பன்னிரண்டு வாரத்தில் இருபத்துநாலு பிடி. அட்டையை மாவு மில் ஹால் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு எஞ்சினியர் போட்ட மாதிரி இருந்தது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ஆட்கள் வந்தார்கள். எங்கள் கம்பெனி ஆட்கள் பாதிப் பேர். ரயில் ஷெட்டில் வேலை செய்கிற பையன்கள் சிலர். வயரிங் கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் கோவில்பதாகையிலிருந்து வருகிற ஒரு பெண் இருந்தாள். என்னை அண்ணா என்று கூப்பிட்டதால் எனக்குத் தங்கை. ஒல்லி. மாமியார் வீட்டில் என்ன சொல்லி அனுமதி வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. எங்கள் கம்பெனியிலிருந்து வந்தவர்களில் முக்கியமானவன் கிரேன் ஆபரேட்டர். என் நண்பன். தொண்ணூறு கிலோ. வாய் இன்னும் ஒரு தொண்ணூறு கிலோ. என் பெண்ணும் வந்தாள். அப்போது பிளஸ் டூ.

ஒவ்வொரு மாலையும் பதினைந்து பேர் பாயில் இருந்தார்கள். ஒரு வாரம் கூடப் பதினைந்துக்குக் குறைந்ததில்லை. முகங்கள் மாறி மாறி வரும், எண்ணிக்கை மாறாது. எனக்கு அது பெரிய சந்தோஷம். வாரா வாரம் கட்டத்தில் ஒரு டிக் போட்டுக்கொண்டு வந்தேன்.

எட்டாவது வாரம் முடிந்தது. மாஸ்டர் வர இன்னும் நாலு வாரம். ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரையும் வரச் சொன்னேன். முப்பது பேர் வந்தார்கள். அந்த ஹாலில் முப்பது பேரை ஒன்றாகப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய் அரைக்கிற நாள். ஆளுக்கு இரண்டு தும்மல் போட்டு ஆரம்பித்தோம்.

முதலில் கிரேன் ஆபரேட்டரைக் கீழே படுக்கச் சொன்னேன். எங்கள் கம்பெனி ஆள் ஒருவன் அவன் நெஞ்சின் குறுக்கே படுத்து அமுக்கினான். "வெளிய வா" என்றேன்.

அவன் வரவில்லை. கையை உதறினான், காலை உதைத்தான். மல்லாந்த ஆமை மாதிரி கிடந்தான்.

"வெளிய வாடா."

"எப்டி வர்றது மாமே? யாருன்னா சொல்லிக் குடுத்தாத்தானே?"

"நாலு வாரமா அதானே சொல்லிக் குடுத்தேன்?"

"யாருக்குக் குடுத்த?"

நான் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டேன். கோவில்பதாகைத் தங்கை மேலே. அவளுடன் வயரிங் கம்பெனியில் வேலை செய்யும் பெண் கீழே. கீழே இருந்தவள் மூன்று நொடியில் நழுவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் மூன்று நொடி. மேலே இருந்த தங்கை வெறும் பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இப்படியே போயிற்று. ஒரு கூட்டத்துக்கு அமுக்கத் தெரிகிறது, தப்பிக்கத் தெரியவில்லை. இன்னொரு கூட்டத்துக்குத் தப்பிக்கத் தெரிகிறது, அமுக்கத் தெரியவில்லை. ரயில் ஷெட் பையன்களும் அப்படியே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். முப்பது பேரில் இரண்டையும் செய்தது ஒரே ஆள், என் பெண். யாரைக் கீழே போட்டாலும் அமுக்கினாள், யார் மேலே ஏறினாலும் வெளியே வந்தாள்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் குழப்பத்திலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியா? இதுக்குப் பேருதான் டேலண்ட்டு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

கிரேன் ஆபரேட்டர் பாயில் உட்கார்ந்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "டேலண்ட்டும் இல்ல ஒரு மண்ணும் இல்ல மாமே. பாப்பாக்கு ஷிப்ட்டு இல்ல. அவ்ளோதான்."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. சுவரில் இருந்த அட்டையைப் பார்த்ததும் புரிந்தது.

பிள்ளைகளே, உங்களில் பலருடைய அப்பா அம்மா எஸ்டேட்டில் வேலை செய்கிறார்கள். ஷிப்ட் எப்படிப் புரளும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வாரம் காலை ஆறு மணிக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவார்கள், மாலை அவர்களுக்குச் சொந்தம். அடுத்த வாரம் இரண்டு மணிக்குப் போய் ராத்திரி வருவார்கள், மாலை கம்பெனிக்குச் சொந்தம். எங்கள் கம்பெனி ஆட்கள் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை வாரங்களில் வகுப்புக்கு வந்தார்கள். வயரிங் கம்பெனிப் பெண்களுக்கு இரட்டைப்படை வாரங்கள்தான் வாய்த்தன. நான் அட்டையில் ஒற்றைப்படையில் அமுக்குவதையும் இரட்டைப்படையில் தப்பிப்பதையும் போட்டிருந்தேன். ஆக எட்டு வாரம் பாடுபட்டு, என் பெண் நீங்கலாக, அமுக்க மட்டும் தெரிந்த பாதிப் பேரையும் தப்பிக்க மட்டும் தெரிந்த மீதிப் பேரையும் உண்டாக்கி வைத்திருந்தேன்.

இதை வெளியூரிலிருந்து வந்த ஒருவர் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் இருபது வருடம் அதே ஷிப்ட்டில் புரண்டவன். டூல் ரூமில் ஜெனரல் ஷிப்ட் கிடைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு வருடம் ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை வேலை பார்த்ததில், ஊர் முழுக்கத் தினமும் மாலையில் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று அவனிடம் எரிந்து விழுந்தேன்.

"எனக்கு இன்னா தெரியும்? நான் வர்றப்பல்லாம் அமுக்கு அமுக்குன்ன. சரி, அமுக்கறதுதான் ஜியு-ஜிட்சு போலன்னு நெனச்சிகினேன்."

எல்லாரும் படியிறங்கிப் போன பிறகு கோவில்பதாகைத் தங்கை மட்டும் நின்றாள். துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"அண்ணா, இங்க மூடிட்டா நான் இதோட உட்டுருவேன். வானகரம்லாம் ஊட்ல உட மாட்டாங்க. இது ஊட்டுக்குக் கிட்டன்றதாலதான் வந்துகினு கீறேன். ஷிப்ட்டு எங்க கையில இல்லண்ணா. ஏதாச்சும் பண்ணுங்க."

பண்ணுகிறேன் என்றேன். என்ன பண்ணுவது என்று தெரியாமல்தான் சொன்னேன்.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் கிரேன் ஆபரேட்டர் எனக்காகக் காத்திருந்தான். அட்டையைச் சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு போயிருந்தேன். மேசையில் விரித்தேன்.

வாரத்தைத் திருப்பிப் போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஒற்றைப்படையில் தப்பிப்பது, இரட்டைப்படையில் அமுக்குவது. நானும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

"அதெல்லாம் வேலைக்காவாது" என்றான் அவன். "நான் மச்சினன் கல்யாணத்துக்கு ஷிப்ட்டு மாத்திக்கப் போறேன். அந்தத் தங்கச்சி கம்பெனில ஆர்டர் வந்தா அவனுங்க இஷ்டத்துக்கு மாத்துவானுங்க. ஒரு வாரம் பொரண்டா மறுபடி அதே பேஜாரு. நான் மறுபடி அமுக்கிகினே கெடப்பேன்."

"அப்ப எந்த வாரம் வந்தாலும் ஒண்ணுதான்னு இருக்கணும்."

"ஆமா. எந்த வாரம் வந்தாலும் அதே கொழம்பு."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் வழி அதுதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரே பிடி, இரண்டு வாரம். முதல் வாரம் வந்தாலும் கிடைக்கும், இரண்டாவது வாரம் வந்தாலும் கிடைக்கும். மீதி இருந்தது நாலு வாரம். முதல் இரண்டு வாரம் தப்பிக்க ஒரே ஒரு வழி. அடுத்த இரண்டு வாரம் அமுக்க ஒரே ஒரு வழி. மற்றதெல்லாம் கிடையாது. பேனாவை வாங்கி மீதிக் கட்டங்களை அடித்தேன். இருபத்துநாலு பிடி என்று மாஸ்டரிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

"ரெண்டுதான் தெரியும்னு சொன்னா சிரிப்பாரு" என்றேன்.

"அவரு எத்தினி தெரியும்னா கேட்டாரு? வெளிய வா, அமுக்குன்னு ரெண்டுதானே கேட்டாரு" என்று சொல்லிவிட்டு என் பிஸ்கெட்டையும் சேர்த்துத் தின்றான்.

அடுத்த கணக்கு நேரக் கணக்கு. ஷிப்ட் ஆட்களுக்கு ஒரு பிடிக்கு ஒரு வாரம்தான் கிடைக்கும். ஐந்து வகுப்பு, ஐந்து மணி நேரம். அதில் நான் எவ்வளவு தின்கிறேன் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை கிரேன் ஆபரேட்டர் தன் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, நான் வாய் திறக்கும்போதெல்லாம் ஓடவிட்டு, மூடும்போது நிறுத்தினான். வகுப்பு முடிந்ததும் எல்லார் முன்னாலும் காட்டினான்.

"மாமே, ஒரு மணி நேரத்துல நீ பேசனது மட்டும் முப்பத்தோரு நிமிசம். நாங்க பொரண்டது மீதி. உன் வாய்க்கு ஒரு பெல்ட்டு குடுக்கலாம். கறுப்பே குடுக்கலாம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று வீட்டில் அட்டையின் பின்பக்கம் ஒரு வகுப்புக்கு மட்டும் தனியாக ஜாப் கார்டு போட்டேன். உடம்பைச் சூடாக்கப் பத்து நிமிடம். காட்டுவதற்கு நாலு நிமிடம், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் கிரேன் ஆபரேட்டர் விசில் அடிக்கலாம். பத்து நிமிடம் அவர்கள் செய்வார்கள். பிறகு நிறுத்தி, எல்லாரும் செய்கிற ஒரே ஒரு தப்பை மட்டும் சொல்ல இரண்டு நிமிடம். பத்துத் தப்பு கண்ணில் பட்டாலும் ஒன்றுதான். மறுபடி பத்து நிமிடம். மீதி நேரம் முழுக்க, எதிராளி நிஜமாகவே எதிர்க்க வேண்டும். திங்கட்கிழமை கால்வாசி பலம். புதன்கிழமை அரைவாசி. வெள்ளிக்கிழமை முழுப் பலம், இரக்கம் கிடையாது.

தப்பிக்கிற வழிக்கு நான் ஒரு பெரிய பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கும் வாயில் நுழையவில்லை. முழங்கையால் எதிராளியின் கழுத்தைத் தள்ளி இடம் உண்டாக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, உடம்பைச் சுருட்டி நழுவுவது. ரயில் ஷெட் பையன் ஒருவன் "எறா மாதிரி கீது" என்றான். இறால் சுருளுகிற மாதிரியேதான் இருந்தது. அன்றிலிருந்து அது எறாதான். இன்றைக்கும் நீங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறீர்கள்.

எறாவுக்கு இரண்டாவது வாரம் வந்தது. வயரிங் கம்பெனிப் பெண்கள் வந்தார்கள். அதே எறா, அதே நாலு நிமிடம். அவர்களுக்கு இது முன்பே அரைகுறையாகத் தெரியும், ஆனாலும் வெள்ளிக்கிழமை முழுப் பலத்தில் செய்தபோதுதான் நிஜமாக வந்தது. என் பெண்ணுக்குத்தான் கோபம். அவள் தினமும் வருகிறவள்.

"நைனா, பத்து நாளா எறா. எனக்குக் கனவுலகூட எறாதான் வருது. போர் அடிக்குது."

"உனக்கு வருதா எறா?"

"தூங்கிகினே செய்வேன்."

"யார் மேல இருந்தாலும்?"

"யார் இருந்தாலும்."

அவளைப் படுக்கவைத்து என் முழு எடையையும் போட்டேன். அப்பா என்கிற சலுகை எதுவும் காட்டவில்லை. முதல்முறை அவளால் முடியவில்லை. இரண்டாவது முறையும் முடியவில்லை. முகம் சிவந்துவிட்டது. மூன்றாவது முறை ஒரு பக்கம் போகிற மாதிரி காட்டி, நான் சாய்ந்ததும் மறுபக்கம் சுருண்டு வெளியே வந்தாள். அதை நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை. அவளாகக் கண்டுபிடித்தது. இரண்டாவது வாரம் எதற்கு என்று எனக்கே அன்றுதான் முழுசாகப் புரிந்தது. புதிதாக வந்தவர்களுக்குப் பாடம், ஏற்கெனவே வந்தவர்களுக்குத் துருவிப் பார்க்கும் நேரம். மறுநாள் அவளையே எல்லாருக்கும் காட்டச் சொன்னேன். நாலு நிமிடத்தில் முடித்தாள். கிரேன் ஆபரேட்டர் அங்கே இருந்திருந்தால் என்னைக் கேலி செய்திருப்பான். அந்த வாரம் அவன் இரண்டாவது ஷிப்ட்.

பதினொன்றும் பன்னிரண்டும் அமுக்குகிற வாரங்கள். கோவில்பதாகைத் தங்கைக்குப் பன்னிரண்டாவது வாரம்தான் வாய்த்தது. நாற்பத்தாறு கிலோ எடையை வைத்துக்கொண்டு ஒரு ஆளை எப்படி அமுக்குவது? முதல் நாள் அவள் மேலே ஏறினால் எல்லாரும் உதறிவிட்டார்கள். கை பலத்தால் பிடிக்கப் பார்த்தாள். அந்த ஒரு தப்பைத்தான் இரண்டு நிமிடத்தில் சொன்னேன். "கையால புடிக்காதம்மா. நெஞ்ச ஒரு எடத்துல வெச்சி, இடுப்ப எறக்கு. கால் வெரல்ல நில்லு. முட்டி தரையில பட்டா உன் வெயிட்டு தரைக்குப் போயிடும்." ஒவ்வொரு நாளும் அதையே வேறு வேறு ஆள் மேல் செய்தாள். புதன்கிழமை என் பெண்ணை முப்பது நொடி பிடித்தாள். வெள்ளிக்கிழமை தோல் உரிந்த முழங்கையோடு வீட்டுக்குப் போனாள். அன்று என் பெண் ஒரு நிமிடம் முழுக்க அவளுக்குக் கீழே கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாஸ்டர் வந்தார். அவர் பைக்குக்குப் பின்னால் ஒரு குட்டியானை வண்டி, காலியாக. மேட்டை ஏற்றிக்கொண்டு போவதற்கு. அவருடைய ஆட்கள் நாலு பேர் இறங்கினார்கள், மூன்று ஆண், ஒரு பெண். எல்லாருமே என் ஆட்களைவிட ஒரு சுற்றுப் பெரியவர்கள்.

"உன் பொண்ணு வேணாம்" என்றார் முதலில். "அது ஊட்டுச் சமையலு." பிறகு வரிசையில் நடந்து, நாலு பேரின் தோளைத் தொட்டார். கிரேன் ஆபரேட்டர். ரயில் ஷெட் பையன்கள் இரண்டு பேர். கடைசியாகக் கோவில்பதாகைத் தங்கை.

கிரேன் ஆபரேட்டர் முதலில். அமுக்குவதில் அவனுக்கு ஐந்து வாரப் பழக்கம் இருந்தது. எதிராளி ஒரு நிமிடம் மூச்சு விட்டதே பெரிசு. தப்பிக்கும்போது எல்லாரும் கத்தினோம். தொண்ணூறு கிலோ எறா, கொஞ்சம் நேரம் பிடித்தது. ஒன்றரை நிமிடத்தில் வெளியே வந்து, பாயில் உட்கார்ந்து, "மாஸ்டர், இன்னொரு தபா வேணுமா?" என்றான். மாஸ்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டாவது, ரயில் ஷெட் பையன். இருபது நொடியில் தப்பித்தான். எங்களுக்கு ஒரே குதூகலம். ஆனால் அமுக்கும்போது அவசரப்பட்டு முட்டியைத் தரையில் ஊன்றினான். நாற்பதாவது நொடியில் எதிராளி நழுவிவிட்டான். அவன் ஃபெயில்.

மூன்றாவது பையன் இரண்டையும் செய்தான், மிகச் சுத்தமாக. எனக்கு அதைப் பார்த்து ரசிக்க முடியவில்லை. இரண்டு பாஸ், ஒரு ஃபெயில். எல்லாம் அந்தத் தங்கை கையில்.

அவளுக்கு எதிரே வந்த பெண் அறுபத்தைந்து கிலோ இருப்பாள். முதலில் அமுக்குவது. தங்கை அவள் நெஞ்சின் குறுக்கே படுத்தாள். அந்தப் பெண் பாலம் மாதிரி இடுப்பைத் தூக்கி உதறினாள். தங்கை கையால் பிடிக்கவில்லை. கால்விரலில் நின்று, எங்கே தூக்கினாலும் அங்கே கூடவே போய், மறுபடி இறங்கினாள். என் பெண் பக்கத்தில் நொடிகளை எண்ணினாள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. வயரிங் கம்பெனிப் பெண்கள் போட்ட கூச்சலில் மில்காரர் மேலே ஓடி வந்துவிட்டார்.

பிறகு கீழே. அந்தப் பெண் இப்போது கோபத்தில் இருந்தாள், முழு எடையையும் போட்டாள். தங்கை முழங்கையை வைத்துச் சுருண்டாள். எதிராளி அதை எதிர்பார்த்து அந்தப் பக்கமே சாய்ந்து அடைத்தாள். முப்பது நொடி. மறுபடி அதே. அறுபது நொடி. தங்கையின் முகம் தெரியவில்லை, ஒரு கால் மட்டும் தெரிந்தது. கிரேன் ஆபரேட்டர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். நான் வாய் திறக்கப் போனேன். "பேசாத மாமே" என்றான். "உன் நாலு நிமிசம் முடிஞ்சிச்சி."

நூறு நொடி தாண்டிவிட்டது. தங்கை மறுபடி அதே பக்கம் சுருண்டாள். அந்தப் பெண் அடைக்கச் சாய்ந்தாள். அந்த நொடியில் தங்கை மறுபக்கம் திரும்பினாள். இடுப்பு வெளியே வந்தது, முட்டி உள்ளே நுழைந்தது, அடுத்து அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் வெறும் பாயை அமுக்கிக்கொண்டிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு என்று என் பெண் கத்தினாள்.

முப்பது பேரும் பாயில் பாய்ந்துவிட்டார்கள். கிரேன் ஆபரேட்டர் என்னைத் தூக்கிச் சுற்றினான். தங்கை நடுவில் உட்கார்ந்து அழுதாள், உடனே சிரித்தாள். தோற்ற பெண்ணே அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். நல்ல பெண்.

மாஸ்டர் என் அருகில் வந்தார். "அந்தப் பொண்ணுக்கு அமுக்கறத எத்தினி நாள் சொல்லித் தந்த?"

"அஞ்சு கிளாஸ் மாஸ்டர். அவங்களுக்கு ஒரு வாரந்தான் கெடச்சிது."

"மொத்தம் எத்தினி டெக்னிக் தெரியும் இவங்களுக்கு?"

"ஒழுங்கா தெரிஞ்சது ரெண்டுதான்."

அட்டையைக் கேட்டார். அடித்தல் திருத்தலோடு கொடுத்தேன். இரண்டு பக்கமும் படித்தார். போனில் படம் எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கத்தையும் எடுத்தார். அதுவரை நான் அவரிடம் வாங்கிய எந்த பெல்ட்டுக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வண்டிக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "சார், மேட்டு ஏத்தலாமா?"

"ஏத்த வேணாம்பா" என்றார் மாஸ்டர். "வானகரத்துல பத்து மேட்டு சும்மா அடுக்கி வெச்சிருக்கேன். புதன்கெழம எடுத்தாந்து இங்க எறக்கு. இவங்களுக்கு எடம் பத்தல." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் பார்த்தேன், என் பெண்ணும் பார்த்தாள், சாட்சி உண்டு.

எல்லாரும் கிளம்பும்போது தங்கை படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "அண்ணா, நாளைலேந்து எனக்கு ரெண்டாவது ஷிப்ட்டு. புதுசா ஏதாச்சும் ஆரம்பிக்கிறீங்களா? நான் இல்லாதப்ப?"

"ஆரம்பிக்கறேம்மா" என்றேன். "நீ நிம்மதியா வேலைக்குப் போ. அடுத்த வாரமும் அதேதான் இருக்கும்."